தரையில் ஊறிய பூனை வாடை: கடன் வாங்கியாவது மொத்தத் தரையையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: பழைய வீடு ஒன்றை வாங்கிப் புதுப்பித்து வருகிறோம். முன்பு இருந்தவர்கள் பூனையும் நாயும் வளர்த்திருக்கிறார்கள். இரண்டு அறைகளில் கார்பெட், கூடத்தில் மரத்தரை. எத்தனை முறை கழுவினாலும் மூத்திர வாடை போகவில்லை. மழை நாளில் இன்னும் மோசம். மொத்தத் தரையையும் மாற்றினால்தான் தீரும் என்கிறார் கான்டிராக்டர். கையில் இருப்பது அவசரகாலச் சேமிப்பு மட்டும்தான். தனிநபர் கடன் எடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். எவ்வளவு செலவாகும் என்பதே தெரியாத நிலையில் எடுக்கும் கடன் பெரும்பாலும் தேவைக்கு மேல்தான் போகும்.

மழை நாளில் மோசம் என்கிறீர்களே, அதுதான் துப்பு. மூத்திரத்தில் உள்ள யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாது. காய்ந்ததும் படிகமாகி நாரிலும் மரத்திலும் தங்கிவிடும். காற்றில் ஈரம் ஏறினால் வாடை மறுபடி கிளம்பும். கழுவக் கழுவப் போகாததற்கு இதுவே காரணம். தரைக்கு அடியில் அதைத் தாங்கும் அடிப்பலகை வரை அது இறங்கியிருந்தால், மேலே எவ்வளவு விலையுயர்ந்த தரை போட்டாலும் வாடை மேலே வரும். அப்போது புதுத்தரையையும் பிரிக்க வேண்டியிருக்கும். நான் பயப்படுவது இந்த இரட்டைச் செலவுக்குத்தான்.

ஆகவே முதல் செலவு ஒரு புற ஊதா டார்ச். இருட்டில் அடித்துப் பார்த்தால் பழைய மூத்திரக் கறை ஒளிரும். சோப்புக் கறையும் ஒளிரும் என்பதால் மூக்கால் உறுதி செய்துகொண்டு சாக்பீஸால் வட்டம் போடுங்கள். பிறகு கார்பெட்டின் மூலையைத் தூக்கி அடியைப் பாருங்கள். மொத்தத் தரையா, நாலைந்து இடங்களா என்பது அங்கே தெரிந்துவிடும்.

நன்றாக ஊறிய கார்பெட்டையும் அதன் அடியில் உள்ள மெத்தையையும் காப்பாற்றப் பணம் போடாதீர்கள், தூக்கிப் போடுங்கள். அடிப்பலகையில் என்சைம் கிளீனரை (மூத்திரக் கறையைச் சிதைக்கும் திரவம்) தாராளமாக ஊற்றி, லேபிளில் சொன்ன நேரம் ஈரமாகவே விட்டு, முழுக்கக் காயவிட வேண்டும். அவசரப்பட்டுத் துடைத்துவிட்டால் பலன் இல்லை. காய்ந்த பின் ஷெல்லாக் பிரைமர் (அரக்கு கலந்த அடிப்பூச்சு) பூசினால் மிச்ச வாடை உள்ளேயே அடைபடும். சாதாரண பெயிண்ட் இந்த வேலையைச் செய்யாது. உப்பிப்போன பலகை இருந்தால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி மாற்றலாம்.

கூடத்து மரத்தரை முழு மரமா, மேலே மெல்லிய மரத்தாள் ஒட்டியதா என்று முதலில் கேளுங்கள். முழு மரத்தை இழைத்து மெருகேற்றலாம். மெல்லிய மேல்தாளை அப்படி இழைக்க இடம் குறைவு. கறுத்துப்போன கறை ஆழமாக இறங்கியிருக்கும், அந்தப் பலகைகளை மாற்றுவதே சிக்கனம்.

நீராவி மெஷின் வாடகைக்கு எடுக்க வேண்டாம், சூடு பட்டால் கறை இன்னும் பிடித்துக்கொள்ளும். பிளீச்சும் வேண்டாம்: மூத்திரத்தின் அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும். வீட்டுக் காப்பீட்டை நம்பித் திட்டம் போடாதீர்கள். செல்லப்பிராணி செய்யும் சேதத்தைப் பெரும்பாலான பாலிசிகள் விலக்கியே வைக்கின்றன.

அப்புறம், கான்டிராக்டரிடம் பிரிப்பது, அடிப்பலகை சிகிச்சை, பிரைமர், துண்டு மாற்றுவது, புதுத்தரை என்று தனித்தனியாக விலை போட்டுத் தரச் சொல்லுங்கள். ஒரே மொத்தத் தொகையாகத்தான் சொல்வேன் என்றால் வேறு ஒருவரிடமும் கேளுங்கள். மொத்த வேலையில் லாபம் அவருக்கு அதிகம், அவ்வளவுதான்.

பணத்துக்கு என் கணக்கு இது: குறைந்தது 3 மாத வீட்டுச் செலவைச் சேமிப்பில் தொடாமல் வையுங்கள். அதற்கு மேல் இருப்பதில் வாடையை அகற்றும் வேலையை இப்போதே முடியுங்கள். பிரைமர் பூசிய தரை மேல் சில மாதம் பாய் விரித்துக்கூடக் காலம் தள்ளலாம். புதுத்தரையை அறை அறையாகப் பிறகு போடலாம். அப்படியும் பற்றாக்குறை இருந்தால் மட்டும், அந்த மிச்சத்துக்கு மட்டும் கடன். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பிரைமர் பூசிய அறையை ஈரமான நாட்களில் கதவு சாத்தி வைத்து, திறந்ததும் முகர்ந்து பாருங்கள். வாடை இல்லை என்றால்தான் புதுத்தரைக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.