தெரிஞ்சதும் தெரியறதும்

அன்புள்ள சார்,

சனி, ஞாயிறு ஓவிய வகுப்புக்குப் போகிறேன். ஐந்து மாதமாகிறது. இன்னும் மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலையின் காதைத்தான், பிளாஸ்டர் வார்ப்பைப் பார்த்து, கரியால் வரைந்துகொண்டிருக்கிறேன். ஆசிரியர் எதையுமே சரி என்று சொல்வதில்லை. யூடியூப் பார்த்துக் கற்ற நண்பர்கள் முழு முகம் போடுகிறார்கள். செயற்கை நுண்ணறிவு நொடியில் வரைந்துவிடுகிறது. வேறு வகுப்புக்கு மாறலாமா?

பிரவீன்

அன்புள்ள பிரவீன்,

நுண்ணறிவை விடுங்கள். இயந்திரம் வரைவதால் உங்கள் கண் பழகிவிடாது. நண்பர்களையும் விடுங்கள். என்னைத் தைத்தது அந்த ‘இன்னும்’தான். வாரம் இரண்டு நாள் வீதம் ஐந்து மாதம். மொத்தம் நாற்பது வகுப்பு. அதற்குள் ‘இன்னும்’ எங்கே வந்தது?

1880-இல் ஓவியர் வான்கோ பெல்ஜியத்துச் சுரங்க ஊர் ஒன்றில் உட்கார்ந்து, சார்ல் பார்க் தயாரித்த பயிற்சித் தாள்களைப் பார்த்து வரையப் பழகினார். வயது 27. கரிப் பயிற்சிக்கான 60 தாள்களையும் திரும்பத் திரும்பப் போட்டார். 1890-இல், சாவதற்கு இரண்டு மாதம்கூட இல்லாதபோது, அதே தாள்களை அனுப்பச் சொல்லித் தம்பிக்கு எழுதினார். சூரியகாந்திகளையெல்லாம் வரைந்து முடித்த பிறகு!

பதினாறு வயதில் நான் கும்பகோணத்தில் ஒரு டிராயிங் மாஸ்டரிடம் போனேன். எதிரே ஒரு பித்தளைச் செம்பு. மூன்று மாதம் அதுதான். வாய் ஒருவழியாக வந்துவிட்டது. அடிக்கு நேராக ஒரு கோடு இழுத்தேன். செம்பு தரையில்தானே உட்கார்ந்திருக்கிறது! மாஸ்டர் ரொட்டித் துணுக்கை உருட்டி அந்தக் கோட்டை மட்டும் அழித்தார். மறுநாளும் அழித்தார். ஒன்பதாம் நாள்தான் வாயைத் திறந்தார்: “தெரிஞ்சதப் போடாதடா. தெரியறதப் போடு.”

ஒரு கண்ணை மூடி, கை மடங்காமல் பென்சிலை நீட்டி அளந்தேன். வாயைவிட அடிதான் அதிகம் வளைந்திருந்தது. கண்மட்டத்துக்குக் கீழே இறங்க இறங்க வட்டம் விரியும். மூன்று மாதம் என் முன்னாலேயே இருந்திருக்கிறது. அன்று இரவு சாப்பாட்டில் டம்ளரை முகத்துக்கு நேரே ஏற்றி ஏற்றி இறக்கினேன். கண்ணுக்கு நேரே விளிம்பு வெறும் கோடு. இறக்கினால் வாய் திறக்கிறது. “சாப்பிடுறா” என்று அம்மா அதட்டினாள்.

நீங்களும் தெரிந்த காதைத்தான் போடுகிறீர்கள் தம்பி, சந்தேகமே வேண்டாம். கொத்தனார் மாதிரி ஒரு நூலில் குண்டு கட்டித் தொங்கவிடுங்கள். மடலின் உச்சிக்கு நேர் கீழே எது வருகிறது? போன வாரம் போட்ட தாளில் அது எங்கே இருக்கிறது? கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். நிழல் எந்த இடத்தில் வெட்டினாற்போல் நிற்கிறது, எந்த இடத்தில் கரைகிறது? இதைப் பார்க்காமல் ஆசிரியரைக் குறை சொல்ல உங்களுக்கு வாயே வரக்கூடாது. உங்கள் வயதில் அவசரம் இருக்கும், எனக்கும் இருந்தது. அதற்காக அவரை விட்டுவிட்டுப் போவீர்களா?

என் மாஸ்டரும் சரி என்று சொன்னதில்லை. செம்பின் அடி சரியாக வந்த அன்று தாளை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய்ச் செம்பை ஜன்னல் பக்கம் ஒரு சாண் நகர்த்தி வைத்தார். வெளிச்சம் முழுக்க மாறிவிட்டது. நான் புதுத் தாளை எடுத்துப் பலகையில் பொருத்தினேன்.