பிரிட்டனில் சின்னப் பிள்ளைகளை ஸ்கவுட்டில் சேர்ப்பது

தங்கச்சி, ஐந்து வயது மகனை இங்கே ஸ்கவுட்டில், அதாவது சாரணர் இயக்கத்தில், சேர்க்கலாமா, அதற்குக் குடியுரிமை வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். குடியுரிமை தேவையில்லை, வயதுதான் கணக்கு. வயதுக்கேற்ற பிரிவுகள் உண்டு: 4 முதல் 6 வரை ஸ்க்விரல்ஸ், 6 முதல் 8 வரை பீவர்ஸ், பிறகு பத்தரை வயது வரை கப்ஸ். பெண் பிள்ளைகளும் சேரலாம். ஸ்க்விரல்ஸ் 2021இல்தான் வந்தது, எல்லா ஊரிலும் இருக்காது. பக்கத்தில் இல்லையென்றால் பீவர்ஸுக்கே இப்போதே பெயர் கொடுத்துவிடுங்கள்.

ஆறு வயதாகட்டும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். ஸ்கவுட்ஸ் இணையதளத்தில் போஸ்ட்கோடைப் போட்டால் அருகிலுள்ள குழுக்கள் வரும். இரண்டு மூன்று குழுக்களுக்கு எழுதுங்கள், பிள்ளையின் பிறந்த தேதியோடு. காத்திருப்புப் பட்டியல் நீளுவதற்குப் பெரும்பாலும் காரணம், பொறுப்பெடுக்கப் பெரியவர்கள் போதாததுதான். நடத்துகிறவர்கள் எல்லாரும் வேலை முடிந்து சம்பளமில்லாமல் வருகிறவர்கள். வெளியே கூட்டிப்போனால் ஆறு பீவர்ஸுக்கு ஒரு பெரியவர், அதுபோக பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். ஸ்க்விரல்ஸ் என்றால் நாலு பிள்ளைக்கு ஒருவர். அதனால், "மாதத்தில் ஒரு மாலை வந்து உதவ முடியும்" என்று முதல் மின்னஞ்சலிலேயே எழுதுங்கள். உதவ வரும் பெற்றோரின் பிள்ளைக்குப் பல குழுக்கள் முன்னுரிமை தருகின்றன. இதைக் குறுக்குவழி என்று நினைத்துக் கூச வேண்டாம். நீங்கள் போய் நின்றால் உங்கள் மகனோடு இன்னும் சில பிள்ளைகளுக்கும் இடம் கிடைக்கும். தொடர்ந்து உதவுவதென்றால் இங்கிலாந்தில் டிபிஎஸ் எனும் குற்றப் பின்னணிச் சோதனை செய்வார்கள், தொண்டர்களுக்கு அதற்குக் கட்டணமில்லை.

சீருடையை முதல் வாரமே வாங்காதீர்கள். சில வாரம் போய்ப் பிள்ளைக்குப் பிடித்து, உறுதிமொழி எடுக்கும் நாள் முடிவான பிறகு போதும். பீவர்ஸுக்கு நீலப்பச்சை ஸ்வெட்ஷர்ட், ஒரு அளவு பெரிதாகவே எடுங்கள். கழுத்தில் கட்டும் ஸ்கார்ஃபின் நிறம் குழுவுக்குக் குழு மாறும், அதைக் கடையில் தேடாமல் லீடரிடம் கேளுங்கள். ஊதா நிற உறுப்பினர் பேட்ஜ் இடது மார்பில் வரும். பேட்ஜ்களைப் பசையால் ஒட்டினால் சலவையில் உரிந்துவிடும், ஓரம் சுற்றி நூலால் தைத்துவிடுங்கள்.

உறுதிமொழியில் 'கடவுள்' வருகிறதே என்று தயங்க வேண்டாம். இந்துப் பிள்ளைகள் 'தர்மம்' என்றும், முஸ்லிம் பிள்ளைகள் 'அல்லாஹ்' என்றும் சொல்லலாம். மத நம்பிக்கை இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் தனி வாசகம் உண்டு. எது வேண்டுமென்று லீடரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சந்தா மாதாமாதமோ பள்ளித் தவணைக்கு ஒருமுறையோ கட்ட வேண்டியிருக்கும். நீங்கள் வருமான வரி கட்டுகிறவர் என்றால் கிஃப்ட் எய்ட் படிவத்தில் கையெழுத்திடுங்கள்; நீங்கள் கட்டிய வரியிலிருந்து ஒரு பங்கை அரசு தொண்டு அமைப்புக்குத் தரும் ஏற்பாடு அது. உங்களுக்குக் கூடுதல் செலவில்லாமல் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் குழுவுக்குப் போகும். கட்டுவது கஷ்டமென்றால் லீடரிடம் தனியாகச் சொல்லுங்கள். குறைத்துக்கொள்ள வழி செய்வார்கள், மற்றவர்களுக்குத் தெரியவராது.