ஆண் துணையே இல்லாமல் முட்டையிடுகிறது என் பியர்டட் டிராகன் (தாடி போன்ற தொண்டையுள்ள, வீட்டில் வளர்க்கும் பெரிய பல்லி வகை). கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாமா?

உங்கள் பெண் டிராகனுக்கு இரண்டு வயது, முட்டை வைப்பதில் இது இரண்டாவது ஈடு, தொட்டிக் கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டே இருக்கிறது, சாப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தோண்டி முட்டையிட வைக்கும் மண் பெட்டி பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அதனால் வைக்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆபரேஷனை அப்புறம் பேசலாம், முதலில் இன்றைக்கே மண் வையுங்கள்.

நான் டாக்டர் இல்லை. பெங்களூரில் வாடகை வீடுகளில் நான்கு வருடமாக ஒன்றை வளர்க்கிறேன், அவ்வளவுதான். பெயர் பவளம். சேவல் இல்லாமல் கோழி முட்டை வைப்பதில்லையா, அதே போலத்தான் இதுவும். கரு இருக்காது, ஆனால் உடம்பு படும் பாடு ஒன்றுதான். ஒரு ஈட்டுக்கு இருபது, முப்பது முட்டைகூட வைக்கும். அத்தனைக்கும் கால்சியம் அதன் உடம்பிலிருந்துதான் போகிறது, தீனியில் போதாவிட்டால் எலும்பிலிருந்து.

பவளம் முதல் ஈட்டை நல்லபடியாக வைத்துவிட்டது. இரண்டாவது தடவை, பெட்டியில் எறும்பு வருகிறது என்று மண்ணை எடுத்துக் கொட்டிவிட்டேன். பவளம் மூலையிலேயே தோண்டியது. வெளியே வர ஆசைப்படுகிறது என்று நினைத்து ஹாலில் நடக்க விட்டேன். தோண்ட இடம் கிடைக்காததால் முட்டையை உள்ளேயே அடக்கிக்கொண்டிருந்தது, எனக்குத்தான் புரியவில்லை. நான்காம் நாள் தாடி (தொண்டைத் தோல்) கறுத்துப்போய், கண்ணை மூடிப் படுத்துவிட்டது. பக்கத்தில் நாய் பூனை பார்க்கும் ஒரு கிளினிக்கில் வாயு என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். அதில் இன்னும் இரண்டு நாள் போனது. ஊர்வன பார்க்கிற டாக்டரைத் தேடிப் பிடித்து எக்ஸ்ரே எடுத்தபோது உள்ளே பதினாறு முட்டை. சூடு, தண்ணீர், கால்சியம் ஊசி எல்லாம் கொடுத்துப் பார்த்தும் ஒன்றுகூட வரவில்லை.

அப்போதுதான் ஆபரேஷன். முட்டையை மட்டும் எடுத்தால் போதாதா என்று கேட்டேன். முட்டைக் குழாயை எடுத்துவிட்டு சினைப்பையை உள்ளே விட்டால் மறுபடி மஞ்சள் கரு முதிரும், வெளியேற வழியில்லாமல் அது வயிற்றுக்குள் கசிந்து சீழ் பிடிக்கலாம் என்றார் டாக்டர். இரண்டு சினைப்பையையும் எடுத்தார்கள். செலவு என் ஒரு மாத வாடகை.

அம்மா அந்த வாரம் வேலூரிலிருந்து வந்திருந்தார். வந்த அன்றே “வேலியில போற ஓணானை எடுத்து வேட்டியில விட்டுக்கிட்ட” என்று சொன்னவர். ஆபரேஷன் முடிந்த ராத்திரி கரண்ட் போனபோது வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, விடியும்வரை உட்கார்ந்திருந்ததும் அவர்தான். கர்ப்பப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர். “தையல் எப்படி இழுக்கும்னு எனக்குத் தெரியும்டா” என்றார். நான் சின்ன வயதில் ஓணானைக் கல்லால் அடித்தவன். அன்றைக்கு எனக்குப் பேச்சே வரவில்லை. தையல் பிரிக்க ஆறு வாரம் ஆனது.

“அப்படியானால் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே செய்துவிடலாமே” என்று யாராவது கேட்பார்கள். நான் செய்ய மாட்டேன். கைப்பிடி அளவு உடம்புக்கு மயக்க மருந்து சின்ன விஷயம் இல்லை. ஒழுங்காக முட்டை வைக்கிற பெண்ணின் வயிற்றை ஏன் கிழிக்க வேண்டும்? முட்டை திரும்பத் திரும்பச் சிக்கினாலோ, மஞ்சள் கரு முதிர்ந்து சினைப்பையிலேயே தங்கினாலோ தாமதிக்காதீர்கள். காட்டு விலங்கை ஏன் அடைத்து வைக்கிறாய் என்று சண்டைக்கு வருபவர்களுக்கும் சொல்கிறேன்: இது கூண்டில் பிறந்தது. வெளியே விட்டால் தாங்காது.

வீட்டு ஓனர் கதையையும் சொல்லிவிடுகிறேன். பல்லி வளர்க்கிறோம் என்று தெரிந்ததும் போன வீட்டில் காலி பண்ணச் சொன்னார்கள். பத்து மாத அட்வான்ஸில் பெயின்டிங்குக்கு ஒரு மாதம், “நாற்றத்துக்கு” இன்னொரு மாதம் பிடித்தார்கள். எந்த நாற்றம்? மூன்று வருடம் அந்தச் சுவரில் ஒரு கீறல் கிடையாது. இன்றுவரை அந்தப் பணம் வரவில்லை.

சரி, உங்கள் விஷயம். பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு அடி ஆழத்துக்கு மண்ணும் மணலும் கலந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவு ஈரமாக வையுங்கள். காய்ந்திருந்தால் தோண்டிய குழி சரியும், பாதியிலேயே விட்டுவிடும். துணி போட்டு மூடுங்கள், எட்டிப் பார்க்காதீர்கள். யுவிபி விளக்கு (கால்சியம் உடம்பில் சேர உதவும் புற ஊதாக் கதிர் தருவது) மாற்றி ஒரு வருடம் ஆகியிருந்தால் புதிது வாங்குங்கள். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அந்தக் கதிர் கிடைக்காது. முட்டை வைத்து முடித்ததும் வயிறு ஒட்டிப்போய் இருக்கும், தண்ணீரும் கால்சியமும் கொடுங்கள். மண் வைத்து இரண்டு நாளாகியும் முட்டை வைக்காமல் சோர்ந்து படுத்தாலோ, தாடி கறுத்தாலோ, நாய் டாக்டரிடம் போகாமல் நேராக ஊர்வன பார்க்கிறவரிடம் கொண்டு போய் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.