ஒன்பது கிலோ குறைந்ததைக் கவனியுங்கள்

முதலில் அந்த லேகியத்தை நிறுத்துங்கள். 15 வயது மகளுக்கு நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை என்றதும் யூடியூபில் யாரோ சொன்னதை வைத்து பிசிஓடி, அதாவது சினைப்பை நீர்க்கட்டி என்று நீங்களே முடிவுகட்டி, ஆன்லைனில் மருந்தும் வாங்கிவிட்டீர்கள். அதே கடிதத்தில், 160 செ.மீ. உயரமுள்ள பெண் ஐந்து மாதத்தில் 52 கிலோவிலிருந்து 43 கிலோவுக்கு இறங்கியதை 'ரீல்ஸ் பார்த்து டயட் இருக்கிறாள், கொஞ்சம் இளைத்துவிட்டாள்' என்று ஒரே வரியில் தாண்டிப் போகிறீர்கள். எனக்குப் பயம் தருவது அந்த வரிதான்.

பின்னாளில் குழந்தை பிறக்குமா என்பதுதானே உங்கள் உள்பயம்? கர்ப்பப்பை கெட்டுப்போனதால் இப்படி ஆகியிருக்க வாய்ப்பு குறைவு. உடம்புக்குச் சாப்பாடு போதாதபோது, மூளை சினைப்பைக்கு அனுப்பும் கட்டளையைக் குறைத்துவிடுகிறது, மாதவிடாய் நிற்கிறது, எடை ஏறினால் பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். ஆனால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும் சேர்ந்து இறங்குவதால் எலும்பு உறுதியாக வேண்டிய வயதில் அது மெலிகிறது, அந்த இழப்பை முழுதாக ஈடுகட்டுவது கடினம். எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், மயக்கம், படபடப்பு, சாப்பிட்டதும் பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுப்பது, இவற்றில் ஏதாவது இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தியால் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும்.

முடி கொட்டுகிறது, பரு வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். முடி கொட்டுவது பட்டினியால் இருக்கலாம், சாப்பிட ஆரம்பித்துச் சில மாதங்களில் சரியாகும். பரு இந்த வயதில் வரும், விடுங்கள்.

போனைப் பிடுங்கட்டுமா என்கிறீர்கள். படங்களுக்கு வலிமை உண்டு, மறுக்கவில்லை. பூசினாற்போன்ற உடம்பையே அழகாக நினைத்த ஃபிஜி நாட்டின் ஒரு பகுதிக்கு 1995ல் டிவி வந்தது. ஆய்வாளர்கள் அப்போது விசாரித்த பள்ளி மாணவிகளில் எடை குறைக்க வாந்தி எடுத்தவர் யாருமில்லை, 1998ல் 11.3 சதவீதம் பேர். ஆனால் போனைப் பிடுங்கினால் அவள் ஒளிந்து பார்ப்பாள். கூட உட்கார்ந்து, அந்த டயட் ரீல்ஸ் போடும் அக்கவுண்ட்களைப் பின்தொடர்வதை அவளையே நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம், வீட்டில் யாரும் அவள் உடம்பைப் பற்றிப் பேச வேண்டாம், இளைத்து அழகாகிவிட்டாய் என்கிற அத்தையும் சேர்த்துத்தான்.

இந்த வாரமே குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள். நாடி, ரத்த அழுத்தம், பொட்டாசியம், ஈசிஜி, தைராய்டு பார்க்கட்டும். கர்ப்பப் பரிசோதனையும் செய்வார்கள், அது வழக்கம், கோபப்படாதீர்கள். மனநல மருத்துவரிடமும் அனுப்பினால் தயங்காமல் போங்கள். சாப்பிடப் பயப்படுவதும் நோய்தான், அதற்கும் சிகிச்சை இருக்கிறது.