இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு: கேள்வி பதில்

சிவகங்கை மாவட்டத்தில் வட்டாரக் கல்வி அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பள்ளிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

பள்ளத்தூர் பக்கமிருந்து ஒரு அம்மா: எங்கள் ஊர் அரசு தொடக்கப் பள்ளியில் 28 பிள்ளைகள், 2 டீச்சர். 30 பிள்ளைக்கு ஒரு டீச்சர் போதும் என்பதுதான் சட்டமாம். அப்படிப் பார்த்தால் எங்களுக்குக் கூடுதல்தான். பிறகு ஏன் ஐயா பிள்ளைகளுக்குப் படிப்பு வரவில்லை?

சட்டம் பிள்ளைகளைத்தான் எண்ணுகிறது அம்மா, வகுப்புகளை எண்ணுவதில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். ஆனால் உங்கள் பள்ளியில் இருப்பது 5 வகுப்பு. அந்த இரண்டு பேரில் ஒருவர் தலைமையாசிரியர். எமிஸ் (பள்ளி விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவு, காலை உணவுக் கணக்கு, வங்கிக்குப் போவது, வட்டார வள மையக் கூட்டம் எல்லாம் அவர் தலையில். காலையில் வருகைப்பதிவு ஏற்ற சிக்னல் கிடைக்காமல், செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடித் திண்ணை மேல் ஏறி நிற்கும் தலைமையாசிரியரைப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஐந்து வகுப்பும் ஒரே டீச்சரிடம்.

நம் பக்கத்தில் இது இன்னும் அதிகம். ஊரில் ஆள் இல்லை. நாலு கட்டு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. இருக்கிற குடும்பங்களிலும் கையில் கொஞ்சம் காசு உள்ளவர்கள் பிள்ளையை வேனில் ஏற்றி காரைக்குடிக்கு அனுப்பிவிடுகிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் உபரி, உடனே பணி நிரவல் என்று வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். ஆசிரியர் போனால் எண்ணிக்கை இன்னும் குறையும்.

பள்ளிகளை இணைத்துவிடலாமே என்பார்கள். வகுப்புக்கு ஒரு ஆசிரியர் கிடைப்பார் என்பது உண்மை. ஆனால் தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற விதிக்குக் காரணம் இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளையைப் பெரிய ரோடு தாண்டி யார் தினமும் கூட்டிப்போவது? கூலி வேலைக்குப் போகிற தாய்க்கு முடியாது. அதனால் நான் இணைப்பை முதல் மருந்தாகச் சொல்ல மாட்டேன். மூன்று நான்கு சிறிய பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு எழுத்தர் பணியிடம் கொடுத்தாலே தலைமையாசிரியர் வகுப்புக்குத் திரும்பிவிடுவார். சட்டத் திருத்தம் தேவையில்லை, ஓர் அரசாணை போதும். ஆசிரியர் வகுப்பில் இருக்கும் நேரத்தைக் கூட்டாத எந்தத் திட்டத்தின் மீதும் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது.

தேவகோட்டையிலிருந்து ஒரு தாத்தா: எட்டாம் வகுப்பு வரை ஃபெயில் இல்லை என்றதால்தான் தரம் கெட்டது. பழையபடி ஃபெயில் போட்டால் என்ன?

2019 சட்டத் திருத்தம் 5, 8 வகுப்புகளில் நிறுத்தி வைக்க மாநிலங்களுக்கு அனுமதி கொடுத்தது. தமிழ்நாடு அந்த வழிக்குப் போகவில்லை. அது சரி என்பதே என் கட்சி. ஐந்தாம் வகுப்பில் தேறாதவன் பெரும்பாலும் இரண்டாம் வகுப்பிலேயே விட்டவன். அவனை மறுபடி ஐந்தாம் வகுப்பிலேயே உட்கார வைத்தால், புரியாத அதே பாடத்தை இன்னொரு வருஷம் கேட்பான், அவ்வளவுதான்.

பேரன் பேத்தியை வீட்டில் சோதித்துப் பாருங்கள். பாடப் புத்தகத்தை விரித்து வாசிக்கச் சொன்னால் கடகடவென்று சொல்வான். நடுவில் நிறுத்தி, மூன்றாவது வரியில் ஒரு சொல் மீது விரலை வையுங்கள். சில பிள்ளைகள் அந்த வரியை முதலிலிருந்து மனசுக்குள் ஓட்டி அந்தச் சொல்லுக்கு வருவார்கள். அது மனப்பாடம், வாசிப்பு இல்லை. இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் ஏசர் ஆய்வில், 2024-இல் நாடு முழுவதும் கிராமப்புற அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 23.4 சதவீதம்தான். அதுவே 2022-ஐவிட முன்னேற்றம்.

இதற்கான கொள்கைதான் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும். பிள்ளையை வகுப்பை வைத்துப் பிரிக்காமல், அரும்பு, மொட்டு, மலர் என்று அவன் நிற்கும் படியை வைத்துப் பிரிக்கிறது. யோசனை நல்லது. ஆனால் மூன்று படிகளையும் ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டும், கூடவே ஆன்லைன் மதிப்பீடும். மேலே அந்த அம்மா கேட்டதற்கே வந்து நிற்கிறோம்.

கண்டனூர்க்காரர், இப்போது கோலாலம்பூரில்: கும்பாபிஷேகத்துக்கு ஊருக்கு வருகிறேன். பள்ளிக்கு ஒரு கட்டடம் கட்டித் தரலாம் என்று நினைக்கிறேன். உங்கள் யோசனை?

நல்ல மனசு. காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையமான சிக்ரிக்கு 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த அழகப்பச் செட்டியார் ஊர்ப் பக்கம் இந்த எண்ணம் வருவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் முதலில் பள்ளிக்குள் போய் வகுப்பறைகளை எண்ணுங்கள், அப்புறம் பிள்ளைகளை எண்ணுங்கள். நம் பக்கத்துச் சிறிய பள்ளிகள் பலவற்றில் அறை மிச்சம் இருக்கும். கழிப்பறையும் தண்ணீரும் இல்லையென்றால் அதைச் செய்யுங்கள். மற்றபடி கல்வெட்டில் பேர் வருகிற செலவைவிட ஆளுக்குச் செய்யும் செலவுதான் பிள்ளைக்குப் போய்ச் சேரும்.

ஆதாரம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. அங்கன்வாடிகளில் கூடுதலாக ஓர் அரைநாள் பணியாளரை வைத்துப் பார்த்த ஆய்வில், முன்பருவக் கல்விக்குக் கிடைத்த நேரம் இரட்டிப்பானது. பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் முன்னேறினார்கள். கொரோனாவுக்குப் பின் 2021-இல் வந்த இல்லம் தேடிக் கல்வியும் அப்படித்தான். மாதம் 1,000 ரூபாய் வாங்கிக்கொண்டு உள்ளூர்ப் பெண்கள் மாலையில் சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் விட்டுப்போன படிப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதாகவும், அந்த மீட்சியில் கால் பங்கு போல இத்திட்டத்தால் வந்ததாகவும் ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

ஆகவே தலைமையாசிரியரிடமும் பெற்றோர் ஆசிரியர் கழகத்திடமும் பேசி, ஒரு தற்காலிக ஆசிரியரின் சம்பளத்தை ஐந்து வருஷத்துக்கு ஏற்றுக்கொள்ளப் பாருங்கள். ஒரு வருஷம் கொடுத்துவிட்டு நிறுத்தினால் கொடுக்காததைவிடச் சங்கடம்.

காரைக்குடியிலிருந்து ஒருவர்: ஆசிரியர் சம்பளத்தை ஏற்றினால் தரம் உயருமா?

இந்தோனேசியா செய்து பார்த்தது. 2005 சட்டப்படி, சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களுக்கு அடிப்படைச் சம்பளத்துக்குச் சமமான தொகை கூடுதலாகக் கிடைத்தது. ஆசிரியர்கள் மகிழ்ந்தார்கள், கடன் குறைந்தது, வெளியே இன்னொரு வேலை பார்ப்பதும் குறைந்தது. மாணவர் மதிப்பெண் மட்டும் அசையவில்லை. ஆனால் இதைக் காட்டி இங்கே தற்காலிக ஆசிரியருக்கு அற்பத் தொகை கொடுப்பதை யாரும் நியாயப்படுத்த வேண்டாம். அது வேறு விஷயம்.

திருப்பத்தூர்: காலை உணவெல்லாம் கல்விக் கொள்கையா?

ஆமாம். பசியோடு இருக்கிற பிள்ளைக்குப் பத்து மணிக்கு எந்தக் கணக்கும் ஏறாது.

புதுவயல்: ஸ்மார்ட் போர்டு?

கரண்டும் நெட்டும் இருந்து, ஆசிரியரும் இருந்தால் நல்லது.

உதவிபெறும் பள்ளி ஆசிரியை: ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) தீர்ப்பால் பயந்துபோயிருக்கிறோம். எனக்கு இன்னும் 9 வருஷம் சர்வீஸ் இருக்கிறது.

2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: ஓய்வுக்கு 5 ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் 2 ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும். சிறுபான்மைப் பள்ளிகள் பற்றிய கேள்வி மட்டும் பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. உங்கள் பள்ளி அந்த வகை இல்லையென்றால், சங்கம் என்ன செய்கிறது என்று ஒரு பக்கம் பாருங்கள், இன்னொரு பக்கம் படிக்க ஆரம்பியுங்கள். இருபது வருஷம் பாடம் நடத்தியவரின் திறமையை ஒரு தாளில் அளப்பது எனக்கு உவப்பானதல்ல. அதற்காகத் தேர்வு தேதி நமக்குக் காத்திருக்காது.

சாக்கோட்டையிலிருந்து ஒரு அம்மா: என்னைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் போட்டிருக்கிறார்கள். போய் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வருகிறேன். வேறு என்ன செய்ய முடியும்?

நிறைய முடியும் தாயி. சட்டப்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவதே உங்கள் வேலை. அடுத்த கூட்டத்தில் போன மாதம் ஆசிரியர் எத்தனை நாள் வெளி வேலைக்குப் போனார், அந்த நாட்களில் வகுப்பை யார் பார்த்தார், மூன்றாம் வகுப்பில் எத்தனை பேர் தானாக வாசிக்கிறார்கள் என்று கேளுங்கள். டீச்சரைக் குற்றம் சொல்கிற தொனியில் கேட்க வேண்டாம். ஆள் பற்றாக்குறை என்று மேலே எழுத அவருக்கே உங்கள் தீர்மானம்தான் பலம். கேட்டதையும் வந்த பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, வாசித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் மட்டும் போடவே போடாதீர்கள்.