துபாயில் வீடு வாங்கிப் பதிவது: கேட்டவையும் சொன்னவையும்

துபாயில் என் வீட்டைப் பதிந்ததோடு நண்பர்கள் பலரின் பதிவுக்கும் கூடவே போயிருக்கிறேன். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஷார்ஜாவிலிருந்து: அண்ணா, பழைய டேரா பக்கம் ஒரு பிளாட் மலிவாக வருகிறது, வாங்கலாமா?

தம்பி, விலையை அப்புறம் பேசலாம், அங்கே உங்கள் பெயரில் பதிய முடியுமா என்று முதலில் பாருங்கள். 2006-ஆம் ஆண்டின் 7-ஆம் எண் சட்டப்படி, வெளிநாட்டவருக்கென்று ஆட்சியாளர் குறித்துக்கொடுத்த பகுதிகளில்தான் நமக்குச் சொந்த உரிமை கிடைக்கும்: மெரினா, டவுன்டவுன், ஜேவிசி என்கிற ஜுமைரா வில்லேஜ் சர்க்கிள், இன்டர்நேஷனல் சிட்டி போல. உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கி நமக்குள் எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று புரோக்கர் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கோவையிலிருந்து: கட்டி முடிக்காத வீட்டுக்குப் பணம் கட்டிவிட்டேன். பில்டர் ரசீதும் ஒப்பந்தமும் இருக்கிறது. போதாதா?

போதாது சார். கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு ‘ஓகூத்’ என்ற இடைக்காலப் பதிவு உண்டு. அந்தப் பதிவேட்டில் ஏறாத விற்பனை செல்லாது என்று 2008-ஆம் ஆண்டின் 13-ஆம் எண் சட்டமே சொல்கிறது. ஓகூத் எங்கே என்று இன்றே கேளுங்கள். இனி கட்டும் தவணையும் அந்தத் திட்டத்தின் எஸ்க்ரோ கணக்குக்கே (அந்தக் கட்டுமானத்துக்கென்றே வங்கியில் தனியாக வைத்த கணக்கு) போகட்டும், பில்டரின் வேறு கணக்குக்கு வேண்டாம்.

அபுதாபியிலிருந்து: விலைக்கு மேல் எவ்வளவு ஆகும்?

பத்து லட்சம் திர்ஹம் வீடு என்றால் நிலத் துறைக்கு 4 சதவீதம், அதாவது 40,000. நிலத் துறைக்காகப் பதிவைச் செய்துதரும் டிரஸ்டி ஆபீஸுக்கு வரியோடு 4,200, ஏஜென்டுக்கு வழக்கமான 2 சதவீதமும் வரியும் சேர்த்து 21,000. சட்டப்படி அந்த நாலு சதவீதம் விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் பாதிப் பாதி, ஆனால் நடப்பில் வாங்குபவர் தலையில்தான் விழுகிறது, அதனால் பேரம் பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசுங்கள். பில்டரிடம் வாங்கும் என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லை என்ற சான்றுக்குக் கட்டணம் தனி.

மதுரையிலிருந்து: பணத்தை இங்கிருந்து எப்படி அனுப்புவது?

வங்கி வழியாக மட்டும். ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம். கையில் கொடுத்தால் அங்கே கிடைத்துவிடும் என்கிறவர்களை நம்பாதீர்கள், நாளைக்கு விற்ற பணத்தை ஊருக்குக் கொண்டுவரும்போது கணக்குக் காட்ட வழி இருக்காது. வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து என்று காட்டவும் மறக்காதீர்கள்.

துபாயிலிருந்து: அடுத்த வாரம் எனக்குப் பதிவு. எதைக் கவனிக்க வேண்டும் அண்ணா?

பெயரை, தங்கச்சி. மேனேஜர் செக் (வங்கியே எழுதித் தரும் காசோலை), பாஸ்போர்ட், எமிரேட்ஸ் ஐடி எல்லாம் ஏஜென்டே ஞாபகப்படுத்துவார், பெயரை நீங்கள்தான் பார்க்க வேண்டும். நமக்கு இனிஷியல் ஒரு இடத்தில், அப்பா பெயர் முழுசாக இன்னொரு இடத்தில். என் பதிவில் பாஸ்போர்ட்டில் இருந்த அப்பா பெயர் விட்டுப்போய் வெறும் இனிஷியல் ஏறியிருந்தது, அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், பிறகு திருத்த மூன்று தடவை அலைந்தேன். கையெழுத்துக்கு முன் பதிவு செய்பவரிடம் கணினித் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். பெயர் எழுத்தெழுத்தாகப் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா, பாஸ்போர்ட் எண், பிளாட் எண், சதுர மீட்டர், கணவரோடு சேர்ந்து வாங்கினால் யாருக்கு எத்தனை சதவீதம் என்று விரல் வைத்துப் படியுங்கள். பின்னால் ஆள் நின்றாலும் பரவாயில்லை, முழுசாகப் படித்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.