சிக்கல் இல்லை என்று நீங்கள் எழுதிய ஒரு வரி

கேள்வி: என் மகள் 13 வயதிலிருந்து பாப் பாடல்கள் பாடி வருகிறாள். அன்றிலிருந்து நான்தான் அவளுக்கு மேனேஜர். ரசிகர்களில் பாதிப் பேர் குழந்தைகள். இப்போது அவளுக்கு 19 வயது. 'நான் சின்னப் பெண் இல்லை' என்று காட்டுகிற மாதிரி அடுத்த ஆல்பம் வர வேண்டுமாம். அட்டைக்கு எடுத்த போட்டோக்களைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. இரண்டு பாட்டின் வரிகளை வீட்டில் உரக்கப் படிக்கவே முடியாது. கம்பெனியும் அவள் பக்கம். மூன்று ஆல்பத்துக்கான புது ஒப்பந்தம் போன மாதம் வந்தது. வழக்கம்போல நானே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன், அதில் சிக்கல் ஏதும் இல்லை. இவளை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

பதில்: ஐயா, ஒப்பந்தத்தில் சிக்கல் ஏதும் இல்லையா? கடிதம் முழுவதிலும் எனக்குத் தூக்கிவாரிப்போட்ட வரி அதுதான்.

மூன்று ஆல்பம் என்றால் அவளுடைய இருபதுகளில் பாதி. அந்த வருடங்களை யாருக்கு, என்ன விலைக்கு என்று நீங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அவள் அதைப் படித்தாளா? கடிதத்தில் அதைப் பற்றி மூச்சே இல்லை. பெரும்பாலான நாடுகளில் 18 வயது முடிந்தால் மேஜர். அதற்குப் பிறகு 'தகப்பன்' என்ற தகுதியில் போடும் கையெழுத்து அவளைக் கட்டாது. அவள் உங்களுக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் கதை வேறு. இல்லையென்றால், அட்வான்ஸைத் திருப்பிக் கொடு என்று கம்பெனி வந்து நிற்கப்போவது உங்கள் வாசலில். மகளின் பாட்டு வரியைப் படிக்கக் கூசியவருக்கு, மேஜரான மகளுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடக் கூசவில்லையே!

உடையைப் பற்றித் தொடங்கும் இந்த மாதிரிக் கடிதங்கள் பெரும்பாலும் கையெழுத்திலோ பாஸ்புக்கிலோதான் போய் முடிகின்றன. ஒப்பந்தம் அப்பாவிடம், கணக்கு அப்பாவிடம், தேதி அப்பாவிடம். அவள் கைக்கு எட்டுவது உடையும் முடியும் இரண்டு வரியும்தான். எட்டியதைப் பிடித்து இழுக்கிறாள்.

அமெரிக்கப் பாப் பாடகி ஜேனட் ஜாக்சன் 'கன்ட்ரோல்' ஆல்பத்தைப் பதிவு செய்தபோது அவருக்கும் இதே 19 வயதுதான். 1982இலும் 1984இலும் வந்த முதல் இரண்டு ஆல்பங்களும் தகப்பனார் ஜோசப் ஜாக்சனின் மேற்பார்வையில் வந்தவை, பெரிதாகப் போகவில்லை. பிறகு அவரை மேனேஜர் பொறுப்பிலிருந்து விலக்கிவிட்டு, ஜிம்மி ஜாம், டெர்ரி லூயிஸ் என்ற இரு தயாரிப்பாளர்களோடு வேலை செய்ய மினியாபொலிஸ் போனார். குடும்பத்தின் தலையீடு எட்டாத ஊர் அது. அவர்கள் எடுத்த எடுப்பில் மைக்கை நீட்டவில்லை. முதல் சில நாட்கள் ஊர் சுற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சுத்தான் பாட்டாக மாறியது. தெருவில் ஆண்கள் வம்புக்கு வந்தது 'நாஸ்டி' என்ற பாட்டு ஆனது. 1986இல் வந்த 'கன்ட்ரோல்' அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதே ஆல்பத்தில் 'லெட்ஸ் வெயிட் அவைல்' என்றும் ஒரு பாட்டு உண்டு, நெருக்கத்துக்கு அவசரம் வேண்டாம், பொறுப்போம் என்று ஒரு பெண் தன் காதலனிடம் சொல்வது. வளர்ந்த பெண் என்று காட்டிக்கொள்ள வந்த ஆல்பத்தில்தான் அதுவும் இருந்தது. அதை எந்தத் தகப்பனும் அவர் வாயில் திணிக்கவில்லை.

இனி வேலையைப் பார்ப்போம். அந்த ஒப்பந்தத்தின் பிரதியை இன்றே மகள் கையில் கொடுங்கள். அவளுக்கென்று தனி வழக்கறிஞர் வேண்டும், இசைத்துறை ஒப்பந்தங்கள் பார்ப்பவராக. உங்கள் வழக்கறிஞர் வேண்டாம், கம்பெனி கைகாட்டும் ஆளும் வேண்டாம். ஃபீஸ் அவள் பணத்திலிருந்து போகட்டும். அப்போதுதான் அவர் அவளுக்குப் பதில் சொல்வார்.

அவர் எதைத் தேட வேண்டும்? 'மூன்று ஆல்பம்' என்பது பல ஒப்பந்தங்களில் ஒன்று உறுதி, மற்ற இரண்டு கம்பெனியின் விருப்பம் என்றே இருக்கும். அவர்கள் வேண்டாமென்றால் விட்டுவிடலாம். அவள் வேண்டாமென்றால் விட முடியாது. அட்வான்ஸைச் சம்பளம் என்று நினைக்காதீர்கள். ஸ்டூடியோ செலவும் வீடியோ செலவில் ஒரு பங்கும் அவளுடைய ராயல்டியில் கழிந்த பிறகே அவளுக்கு மேற்கொண்டு காசு வரும். மாஸ்டர் ஒலிப்பதிவு, அதாவது பிரதிகளுக்கெல்லாம் மூலமான பதிவு, யாருக்குச் சொந்தம், எத்தனை வருடத்துக்கு என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் ஒப்புதல் பிரிவு. அட்டைப்படம், முதல் சிங்கிள் (ஆல்பத்திலிருந்து தனியாக முதலில் விடும் பாட்டு), தயாரிப்பாளர் மூன்றுக்கும் அவளுடைய எழுத்துமூல ஒப்புதல் தேவை என்று இருக்க வேண்டும். 'கலந்தாலோசித்து' என்று இருந்தால் போதாது. ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அவர்கள் இஷ்டத்துக்குச் செய்யலாம். அந்தப் பிரிவு இருக்கிறதா என்று பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருந்தால், உங்கள் தூக்கத்தைக் கெடுத்த போட்டோவை வேண்டாம் என்று சொல்லும் உரிமையை மகளிடமிருந்து பறித்தவர் நீங்களாகவே இருக்கலாம். கம்பெனி அவள் பக்கம் என்கிறீர்கள். அவளுக்கு வேறு பக்கம் இருந்ததா?

பணக் கணக்கு. சாப்ளினின் 'தி கிட்' படத்தில் சிறுவனாக நடித்த ஜாக்கி கூகன், சிறுவயதில் தான் சம்பாதித்த லட்சக்கணக்கான டாலர்கள் கரைந்துபோனதால் 1938இல் தாயின் மேலும் மாற்றாந்தகப்பன் மேலும் வழக்குப் போட்டார். அதன் விளைவாக 1939இல் கலிபோர்னியாவில் சட்டமே வந்தது. இன்று அங்கே சிறார் கலைஞரின் மொத்த வருமானத்தில் 15 சதவீதம் தனியாக ஒதுக்கப்பட வேண்டும். உங்கள் ஊரில் சட்டம் கேட்காவிட்டாலும் ஆறு வருடக் கணக்கை வரவு, செலவு என்று எழுதி அவளிடம் கொடுங்கள். வருமானம் அவள் பெயரிலுள்ள கணக்குக்கு நேரே போகட்டும். நீங்கள் உழைத்ததற்குக் கூலி உண்டு. மேனேஜருக்கு 15 முதல் 20 சதவீதம் என்பது வழக்கம். முடிவுத் தேதியோடு அதை எழுதி வாங்குங்கள். மகளும் இதைப் படித்தால் ஒன்று சொல்வேன்: அந்தச் சதவீதம் மேனேஜருக்கு. பெற்றவர்களைக் கவனிக்கும் கடமை தனி, அதை இதில் கழிக்கக் கூடாது.

பாட்டு விஷயத்தில் உங்கள் பயம் முழுக்கத் தவறில்லை. 2002இல் அமெரிக்கப் பாடகி கிறிஸ்டினா அகிலேராவின் 'ஸ்ட்ரிப்ட்' ஆல்பத்துக்கு முதலில் விட்ட 'டர்ட்டி' அதிர்ச்சிக்கென்றே செய்தது போல இருந்தது. பிரிட்டனில் முதலிடம் பிடித்தாலும் அமெரிக்காவின் பாட்டுப் பட்டியலான பில்போர்டு ஹாட் 100இல் 48ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. அடுத்து வந்த, அலட்டல் இல்லாத 'பியூட்டிஃபுல்' அதே பட்டியலில் 2ஆம் இடம் வரை போனது. முதல் சிங்கிளைத் தேர்ந்தெடுக்கும் நாளில் மகளிடம் இதைச் சொல்லுங்கள். மேனேஜராகச் சொல்லுங்கள், தகப்பனாகக் கண்ணைக் கசக்காதீர்கள்.

முதிர்ச்சி குரலில் கேட்க வேண்டும். பருவத்தில் பெண் குரலும் மாறும். 13 வயதில் பாடிய சுருதியிலேயே 19இலும் பாடவைத்தால் உச்சியில் கத்தலாக விழும்; அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிப் பாடிப் பார்க்கட்டும். குழந்தைப் பாப்பில் ஒரே வரியை இரண்டு மூன்று முறை பாடி அடுக்குவார்கள். அதை விட்டு ஒரே குரலை முன்னால் வைத்து, மைக்கை ஒரு சாண் தூரத்துக்குள் கொண்டுவந்தால் கீழ் ஸ்தாயி தானாகக் கனக்கும். சுருதி திருத்தும் மென்பொருளை அளவுக்கு மீறி ஓட்டினால் அந்தக் கனமும் மூச்சும் போய்விடும். கச்சேரியில் பழைய பாட்டு மூன்று நான்கையாவது புதுச் சுருதியில் வைத்துக்கொள்ளட்டும். குழந்தைகளுக்காக, கூசுகிற அந்த இரண்டு பாட்டுக்கும் வரி மாற்றிய இன்னொரு வடிவத்தை அதே பதிவு நாளிலேயே பாடிவிடுவது நல்லது. பிறகு பாடினால் குரலும் ஒலியும் ஒட்டாது. மூல வடிவத்தை 'எக்ஸ்ப்ளிசிட்', அதாவது குழந்தைகளுக்கு ஏற்றதல்ல, என்று குறித்து வெளியிட வேண்டும்.

வழக்கறிஞர் பார்த்து, அவளே கையெழுத்துப் போடும்வரை ஸ்டூடியோ தேதி எதையும் உறுதி செய்யாதீர்கள். அட்வான்ஸ் வந்திருந்தால் தொடாமல் வையுங்கள். ஒரு பாட்டைப் பதிவு செய்து அந்தப் பணத்தையும் செலவழித்துவிட்டால், உங்கள் கையெழுத்தை அவளும் ஏற்றுக்கொண்டாள் என்றே கம்பெனி வாதாடும்.